திறக்காதே என்று நீ சொன்ன கறுப்புப் பெட்டி

'அன்பு மகனே' என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. வெறும் 'மகனே' என்றே வைத்துக்கொள். அன்பு இல்லாமல் போய்விடவில்லை. அதை எழுத்தில் போட்டுக் காட்ட இந்த மாதம் எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். போனில் பேசித் தீர்க்க வேண்டியதை இப்படி நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதலாமா என்று நீ கேட்பாய். உன் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் நீ என்னைப் பற்றிப் பேசியது போனில் அல்ல, மைக்கில். கேட்டுச் சிரித்தவர்களில் பாதிப் பேர் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் படிக்கிற சங்க மலரில் ஆளுக்கொரு கட்டுரை கேட்டார்கள். மற்றவர்கள் காசி யாத்திரை பற்றியும் சர்க்கரை நோய்க்கு நடைப்பயிற்சி பற்றியும் எழுதுகிறார்கள். நான் உனக்கு எழுதுகிறேன். உன் பெயரை எங்கும் போடவில்லை. என் பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யார் என்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

நசரத்பேட்டையில் அவ்வளவு உயரத்தில் நீ வீடு வாங்கியதில் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. பால்கனியில் நின்று பார்த்தால் பெங்களூர் ரோட்டில் போகிற லாரியெல்லாம் தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. உன் மனைவி கவிதா என்னை ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஹாலில் கண்ணாடி அலமாரி ஒன்று. அதற்குள் விளக்குப் போட்டு, நம் பழைய கம்ப்யூட்டர். சிங்கப்பூரிலிருந்து உன் மாமா கொண்டுவந்து தந்தது. கீபோர்டுக்குள்ளேயே மொத்த கம்ப்யூட்டரும் இருக்கும், டிவியில் சொருகினால் படம் வரும், டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டால் விளையாட்டு ஓடும். அதைப் பளபளவென்று துடைத்துச் சாமி மாதிரி வைத்திருந்தாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது நீ மைக்கை எடுத்தாய்.

"எங்கப்பா ஃபேக்டரியில எலக்ட்ரீஷியன். குவார்ட்டர்ஸ் லைன்ல எல்லா வீட்டு மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் அவர்கிட்டதான் வரும். என் கம்ப்யூட்டரோட பவர் சப்ளையையும் ஒரு ஞாயித்துக்கிழமை திறந்தாரு. புதன்கிழமை கம்ப்யூட்டர் சாம்பல்! அன்னைக்கு முடிவு பண்ணேன், ஹார்டுவேர் அப்பாவுக்கு, சாஃப்ட்வேர் எனக்குன்னு. அந்த ஒரு ரிப்பேராலதான் நான் இன்னைக்கு இங்க நிக்கிறேன். அப்பா, கொஞ்சம் எழுந்து நில்லுங்க!"

எழுந்து நின்றேன். கும்பிடு போட்டேன். கை தட்டினார்கள். உன் ஆபீஸ் நண்பன் ஒருவன் பக்கத்தில் வந்து, "அங்கிள், எங்க வீட்டு ஏசியை மட்டும் தொட்டுடாதீங்க" என்றான். சிரித்து வைத்தேன். ஒரு மனிதன் எவ்வளவு நேரம் சிரித்த முகத்தோடு இருக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நீ சொன்னதில் ஞாயிற்றுக்கிழமை உண்மை. நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. திரையில் கோடு கோடாக வருகிறது, விளையாட்டு பாதியில் நின்றுவிடுகிறது என்று அழாத குறையாக வந்து நின்றாய். கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, அதற்கு மின்சாரம் கொடுக்கிற வெளிப்பெட்டியில் இருந்தது. இப்போது லேப்டாப்புக்கு சார்ஜர் இருக்கிறதே, அதே வேலைதான். ஆனால் செங்கல் அளவு, செங்கல் கனம், கறுப்பு நிறம். சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தை உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் குறைக்கும். ரெகுலேட்டர் என்கிற மூன்று கால் சின்னப் பொருள் ஒன்று அதை ஐந்து வோல்ட்டில் பிடித்து நிறுத்தும். அதற்கு மேல் போனால் கம்ப்யூட்டர் தாங்காது. நான் திறந்து பார்த்தபோது, மின்சாரத்தை ஏறி இறங்காமல் சமப்படுத்துகிற கெப்பாசிட்டர் ஒன்று மண்டை வீங்கிக் கிடந்தது. ரிச்சி தெருவில் அன்றைக்குத் திறந்திருந்த ஒரே கடையில் புதிது வாங்கி வந்து மாற்றினேன். ஃபியூஸையும் சரியான அளவில் புதிதாகப் போட்டேன். மீட்டர் வைத்து ஐந்து வோல்ட் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடினேன். நீ டிவி முன்னால் குதித்தாய். உன் அம்மா சரோஜா சூடாக வடை போட்டுக் கொடுத்தாள். கம்ப்யூட்டருக்குப் போகிற வயர் பெட்டியிலிருந்து வெளியே வருகிற கழுத்தைக் காட்டி ஒன்று மட்டும் சொன்னேன்: "விளையாடி முடிச்சதும் வயரைப் பெட்டி மேல இறுக்கிச் சுத்தாதடா. கழுத்துல ஒடிஞ்சிடும்." நீ தலையாட்டினாய்.

புதன்கிழமை வேலை முடிந்து சைக்கிளை நிறுத்தும்போதே வீட்டு வாசலில் கருகல் வாசனை. உள்ளே நீ அந்தக் கறுப்புப் பெட்டியை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாய். கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. உன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். "குடுடா, திறந்து பாக்குறேன்" என்று கை நீட்டினேன். நீ கத்தினாய். "தொடாதீங்கப்பா! நீங்க தொட்டது போதும்!" அப்படி நீ என்னிடம் அதற்கு முன்னால் கத்தியதில்லை. நான் இன்னொரு முறை கை நீட்டியபோது பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாய். உன் அம்மா குறுக்கே வந்தாள். "புள்ள அவ்வளவு சொல்றானே, விடுங்களேன். ஆக்கின வரைக்கும் போதாதா?" நான் பின்வாங்கினேன். குழந்தைக்கு அந்தப் பொருள் மேல் அவ்வளவு ஆசை போலிருக்கிறது, அதை நாசம் பண்ணிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டேன். எங்கே தப்பு பண்ணினேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். கெப்பாசிட்டரைத் தலைகீழாக வைத்துவிட்டேனா? ஈயம் சிந்தி இரண்டு இடத்தைச் சேர்த்துவிட்டதா? மீட்டர் பார்த்தது கனவா? அடுத்த நாள் நீயே அந்தப் பெட்டியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாய். வீடு மாறியபோதும் அப்படியே தூக்கி வந்தேன், திறக்கவே இல்லை. திறந்தால் என் தப்பு அங்கே கண்ணெதிரே இருக்கும் என்ற பயம்.

அன்றைக்கு அந்த வீட்டில் எரிந்தது கம்ப்யூட்டர் மட்டும் என்று நீ நினைத்திருப்பாய். அதுவரை குவார்ட்டர்ஸில் எனக்கு 'டாக்டர்' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ரேடியோவும் கையுமாக ஆட்கள் நிற்பார்கள். வேலை செய்து கொடுத்தால் ஒரு டம்ளர் காப்பி, ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் கூலி. அதற்கு மேல் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு நானே ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். சால்டரிங் அயர்னையும் மீட்டரையும் பக்கத்து வீட்டு ஏழுமலையிடம் கொடுத்தேன். நம் வீட்டில் மிக்ஸி நின்றால் உன் அம்மா, "கம்ப்யூட்டர் ஆக்கிடாதீங்க, கடையில குடுத்துக்கலாம்" என்பாள். 'கம்ப்யூட்டர் ஆக்குவது' என்றால் நம் வீட்டில் கெடுப்பது என்று அர்த்தமாகிவிட்டது. உன் மாமா அடுத்த முறை ஊருக்கு வந்தபோது சோற்றில் கை வைத்தபடியே, "என்ன மச்சான், கைய வச்சுட்டீங்களாமே" என்றார். நீ அந்தப் பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். ரசம் ஊற்றிக்கொண்டாய்.

தொழிற்சாலையில் மின்னணுப் பிரிவு ஆரம்பித்தபோது சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பரீட்சை எழுதுய்யா, உனக்குக் கண்டிப்பா வரும்" என்றார். வேண்டாம் சார் என்றேன். ஏன் என்று கேட்டதற்குக் கண் சரியில்லை என்று பொய் சொன்னேன். கை சரியில்லை என்று எப்படிச் சொல்வது? வீட்டில் வந்து சொன்னபோது உன் அம்மா, "நல்லதாப் போச்சு, அங்க போயி எதையாவது எரிச்சு வச்சா உள்ள வேலையும் போயிடும்" என்றாள். அவளை நான் குறை சொல்லவில்லை. அவள் நம்பினாள். நானே நம்பினேனே. பல்பு மாற்றுகிறவனாகவே இருந்து ஓய்வு பெற்றேன்.

இன்னொன்று. இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. உன் அம்மா கடைசியாகப் படுத்திருந்த மாதங்களில், ஓய்வுக்குப் பிறகு நாங்கள் குடிவந்த வெள்ளானூர் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தோம் அல்லவா, நீ வாங்கி அனுப்பியது. ஒரு நாள் அது நின்றுவிட்டது. அவசரத்துக்கு சிலிண்டர் இருந்ததால் மாட்டிவிட்டேன், ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் சிலிண்டர் தீர்வதற்குள் மெஷின் ஓட வேண்டும். வெளிநாட்டு மெஷின் அது, பிளக்குக்குள்ளேயே இருக்கிற ஃபியூஸ் போயிருக்கும் என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அவள் மூக்கிலிருந்த குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டினாள். "நீங்க கை வைக்காதீங்க. ஆளக் கூப்புடுங்க." மூச்சுக்கு நடுவே அதைச் சொல்ல அவள் பட்ட பாட்டைப் பார்த்து ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். வாசலில் நின்று மெக்கானிக் வருகிறானா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவன் பிளக்கைத் திறந்து ஃபியூஸை மாற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினான். அவள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கட்டிய புருஷன் கையை நம்பாமல்தான் அவள் போய்ச் சேர்ந்தாள்.

இத்தனையும் எனக்கு ஜீரணமாகித்தான் இருந்தது. தப்பு செய்தவன் அனுபவிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ புது வீட்டுக்கு அலங்காரமாக வைக்க வேண்டும் என்று பரணில் ஏறி அந்தக் கம்ப்யூட்டரை எடுத்தாயே, அன்றைக்குத்தான் ஏதோ உறுத்தியது. கம்ப்யூட்டரை ஆசையாகத் துடைத்தாய். துணி சுற்றிய கறுப்புப் பெட்டியை மட்டும் தனியாகக் கையில் இடுக்கிக்கொண்டு, "இதை நான் போற வழியில குப்பையில போட்டுடுறேன்" என்றாய். இருக்கட்டும் வை, பழைய இரும்புக்காரனிடம் போடலாம் என்றேன். நீ துணியை இழுத்து முடிச்சை இறுக்கினாய். பிறகு, "சரி, ஆனா திறக்காதீங்கப்பா" என்றாய். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் உன் முகம் அந்த ஒன்பதாம் வகுப்பு முகமாக இருந்தது. அதன் பிறகு போன். நான் சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா என்று கேட்க உனக்கு நேரம் இருந்ததில்லை. "அந்த டப்பாவை இரும்புக்காரன்கிட்ட போட்டாச்சா?" என்று கேட்க மட்டும் மீட்டிங்குக்கு நடுவே கூப்பிட்டாய். மறுபடியும் கூப்பிட்டாய். அப்புறம்தான் புதுமனை புகுவிழா, மைக், கைதட்டல். நண்பர் ஒருவர் கம்ப்யூட்டரைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டார், மெமரி சிப் எல்லாம் கூடுதல் வோல்ட்டில் எரிந்திருந்தது, மாற்றினார் என்றும் அந்தப் பேச்சிலேயே சொன்னாய். ஐந்து வோல்ட்டில் நிற்க வேண்டியது ஏன் நிற்கவில்லை? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை, இட்லி சாப்பிட்ட கையோடு, பெட்டியை எடுத்து வைத்தேன்.

கருவி என்று என்னிடம் ஒன்றும் இல்லை. ஏழுமலை வீடு ரெண்டு தெரு தள்ளி. அவனும் ஓய்வு பெற்று வெள்ளானூருக்கே வந்துவிட்டவன். போய் நின்றேன்.

"இன்னா நைனா, காலங்காத்தால?"

"என் சால்டரிங் அயர்னும் மீட்டரும் இருக்கா?"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பத்திரமா கீது. எப்பனா கேப்பேன்னு தெரியும், ஆனா இம்மா நாளாவும்னு தெரியாது. இன்னாத்துக்கு?"

பெட்டியைக் காட்டினேன். அவனும் விழாவில் இருந்தவன். சட்டையை மாட்டிக்கொண்டு என் கூடவே வந்துவிட்டான்.

பெட்டிக்கு அடியில் நான்கு மூலையிலும் ரப்பர் பாதம். அதை நெம்பி எடுத்தால் உள்ளே திருகாணி. முதல் திருகாணியிலேயே எனக்குச் சுருக்கென்றது. தலை முழுக்கச் சிராய்ந்து, பள்ளம் தேய்ந்து போயிருந்தது. பொருந்தாத எதையோ வைத்துத் திருகியிருக்கிறார்கள். நான் சர்வீஸில் ஒரு திருகாணித் தலையைக்கூடக் கெடுத்தவன் இல்லை. காய் நறுக்குகிற கத்தியின் முனை ஒடிந்துவிட்டது என்று அந்த வாரம் உன் அம்மா என்னைப் பிடித்து உலுக்கியது ஞாபகம் வந்தது. நான் அந்தக் கத்தியைத் தொடவே இல்லை என்று சொன்னேன், அவள் நம்பவில்லை.

மூடியைத் தூக்கினோம். முதலில் நான் மாற்றிய கெப்பாசிட்டரைத்தான் தேடினேன். அது நேராக, சரியான பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதன் கால்களில் நான் வைத்த ஈயம் தூசியைத் துடைத்ததும் மினுமினுத்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் கம்ப்யூட்டருக்குப் போகிற வயரின் கழுத்து. நான் சொன்ன அதே இடத்தில், இறுக்கிச் சுற்றிச் சுற்றி உறை கிழிந்து, உள்ளே இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. அப்படித் தொட்டால் ஃபியூஸ் போகும். போக வேண்டும், அதற்காகத்தான் அது இருக்கிறது. அது போயிருந்தால் பெட்டி அணைந்திருக்கும், கம்ப்யூட்டர் பிழைத்திருக்கும். ரெகுலேட்டர் கருகி, அதற்குக் கீழே அட்டையே காப்பி நிறத்தில் வெந்து கிடந்தது. வயர் அசைந்து கம்பிகள் விலகிய நேரத்தில், வெந்துபோன ரெகுலேட்டர் வோல்ட்டைப் பிடித்து நிறுத்தாமல் அப்படியே உள்ளே விட்டிருக்கிறது. ஆக ஃபியூஸ் போகவில்லை. ஏன்?

ஏழுமலைதான் முதலில் பார்த்தான். "இன்னாபா இது, சாக்லேட்டுப் பேப்பரா?"

நான் போட்ட கண்ணாடி ஃபியூஸ் அதன் இடத்தில் இருந்தது. போகாமல் இல்லை, உள்ளே இழை அறுந்துதான் கிடந்தது. அதன் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஜிகினாத்தாள் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. வெளிப்பக்கம் பச்சை, உள்பக்கம் வெள்ளி. இழை அறுந்தாலும் மின்சாரம் அந்த வெள்ளி வழியே போய்க்கொண்டே இருக்கும். உன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மிட்டாயின் தாள். தின்றுவிட்டு ஒவ்வொரு தாளையும் நகத்தால் தேய்த்து நேராக்கிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வாயே, அது. குவார்ட்டர்ஸில் வேறு யாரிடமும் அது கிடையாது.

நம் லைனில் எல்லா வீட்டிலும் அந்தக் கெட்ட பழக்கம் இருந்தது, எனக்குத் தெரியும். மெயின் போர்டில் ஃபியூஸ் கம்பி போனால், மெல்லிய கம்பி போட வேண்டிய இடத்தில் ரெண்டு மூன்று இழை முறுக்கிப் போடுவார்கள், சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைக்கூடச் சொருகுவார்கள். 'இனிமே போகாது பாருங்க' என்று அதில் ஒரு பெருமை. அதைப் பார்த்துத்தான் நீயும் செய்திருப்பாய். வயர் தொட்டு ஃபியூஸ் போனது. நான் வேலையில். நான் வருகிற வரை பொறுக்க முடியவில்லை. கத்தி முனையால் திறந்து, தாளைச் சுற்றி, மூடி, சுவிட்சைப் போட்டாய். கொஞ்ச நேரம் ஓடியிருக்கும். எல்லாம் பதினாலு வயசுப் பையன் செய்கிற காரியம்தான். அதற்காக நான் இந்தக் கடிதம் எழுதவில்லை.

நீ அந்தப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அதற்காக எழுதுகிறேன். ஆசை என்று நினைத்தேனடா. ஆசையில் கட்டிப் பிடித்திருக்கிறான் என்று நினைத்து இத்தனை வருஷம் உருகிப் போனேன். என் கைக்கு அது வந்துவிடக் கூடாது என்றுதான் பிடித்திருக்கிறாய். பயத்தில் ஒரு பொய் சொல்லலாம். அன்றைக்கு இரவு சொல்லியிருக்கலாம், ஒரு வாரம் கழித்துச் சொல்லியிருக்கலாம். நான் உன்னை அடித்தவன் இல்லை, திட்டினாலும் அடுத்த வேளை சோற்றுக்குள் மறக்கிறவன். காலேஜில் சேர்ந்த அன்றைக்குச் சொல்லியிருந்தால் சேர்ந்து சிரித்திருப்போம். நான் பரீட்சை எழுதவில்லை என்று சொன்னபோது அதே அறையில் நீ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய், நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாய். மறந்துபோயிருக்கும் என்று என் மனசைத் தேற்றிப் பார்த்தேன். மறந்தவன் எதற்காக 'திறக்காதீங்கப்பா' என்கிறான்? மறந்தவன் எதற்காக இரும்புக்காரனைப் பற்றிக் கேட்டுக் கேட்டு போன் பண்ணுகிறான்? தெரிந்தே மைக்கைப் பிடித்திருக்கிறாய். தெரிந்தே என்னை எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறாய்.

ஏழுமலை என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான். "சின்னப் புள்ள அறியாம பண்ண வேல நைனா. உட்டுத் தள்ளு. இப்ப போயி நோண்டிகினு."

"சின்னப் பிள்ளை பண்ணினதை விட்டுட்டேன்டா ஏழுமலை. நேத்து மைக் பிடிச்சது சின்னப் பிள்ளையா?"

அவன் அந்த ஃபியூஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு, "எங்க ஊட்டு ரேடியோவ நீதான் ரிப்பேரு பண்ணிக் குட்த்த. இன்னி வரிக்கும் பாடிகினு கீது. அத்த எவன்கிட்டயாவது சொன்னேனா நானு? கேட்டுகினு கம்முனு குந்தினு இருந்தேன்" என்றான். தன் மேல்தான் கோபித்துக்கொண்டான். அவனுக்கு இருந்த அந்த வெட்கம் உனக்கு இருந்திருந்தால் போதும்.

நானும் ஏழுமலையும் அன்றைக்கே ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போனோம். புது வயர், புது ரெகுலேட்டர், புது ஃபியூஸ். கெப்பாசிட்டரையும் வயதாகிவிட்டது என்று மாற்றினேன். என்னுடைய பழைய ஈயத்தை நானே உருக்கி எடுத்தேன். கை நன்றாகவே இருக்கிறது. எப்போதும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. எல்லாம் முடிந்து மீட்டரை வைத்தேன். ஐந்து வோல்ட். சாயங்காலம் வரை ஒரு பல்பைச் சுமையாகக் கொடுத்து ஓடவிட்டுப் பார்த்தேன், அசையவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தாள் சுற்றிய ஃபியூஸையே மறுபடி உள்ளே வைத்து உனக்கு அனுப்பலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்கு என் மனசு இடம் கொடுத்தாலும் கை இடம் கொடுக்கவில்லை. தப்பான வேலை செய்து அதற்குப் பழக்கமில்லை.

அப்பன் என்ற முறையில் புத்தி சொல்ல வேண்டும் அல்லவா, ஒன்று சொல்கிறேன். உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நாளைக்கு அவள் எதையாவது உடைத்துவிட்டு உன்னிடம் சொல்லாமல் நிற்பாள். அன்றைக்கு அவள் எதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று பார். அழுகிறாள் என்று விட்டுவிடாதே. கையிலிருந்து வாங்கித் திறந்து பார். எனக்குத் தெரியாமல் போன ஒரே வேலை அதுதான். கவிதாவிடமும் இதைச் சொல். அவள் நல்ல பெண். அன்றைக்கு எல்லாரும் கை தட்டியபோது அவள் மட்டும் தட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கவனித்தேன்.

அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி அலமாரிக் கம்ப்யூட்டரை நண்பர்கள் முன்னால் ஓட விடப் போகிறாய், நானும் வர வேண்டும் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறாய். 'அப்பா தூரமா உக்காரணும்' என்று கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. நான் வரவில்லை. ஏழுமலை பெட்டியைக் கொண்டுவந்து கொடுப்பான். நம்பி மாட்டு. உன் நண்பர் மீட்டர் வைத்துப் பார்க்கட்டும், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கட்டும். வயரை மட்டும் பெட்டி மேல் சுற்றாதே.

அந்தப் பழைய ஃபியூஸ் பெட்டியில் இருக்காது. பச்சைத் தாள் சுற்றியபடியே, வெள்ளானூர் வீட்டில் உன் அம்மா படத்துக்கு முன்னால், விளக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தினமும் விளக்கேற்றும்போது அவள் முகத்தைப் பார்க்கிறேன். வாய் வரைக்கும் வருகிறது. இந்த மலர் அச்சாகி வந்ததும் ஊரில் எல்லாருக்கும் நான் சொன்ன மாதிரி ஆகிவிடும். அவளிடம் மட்டும் நான் சொல்லவில்லை. அது நீ வந்து சொல்ல வேண்டியது.